கேள்வி நேரம்: நடுக்கம் நிற்கத்தான் குடிக்கிறார்கள்

சில மாதங்களாகவே அனுப்புநர் முகவரி இல்லாத கவர்கள் வந்துகொண்டிருக்கின்றன. பலவற்றில் வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துத் தபால் முத்திரை. எழுதியவர்களில் பலர் ராத்திரியில் பைபாஸ் ஓரத்திலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் நின்று பிழைக்கும் பெண்கள், அல்லது அவர்கள் வீட்டார். இந்த இதழ்ப் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். அவசரப் பிரிவு மருத்துவர், மனநல மருத்துவர், சட்ட உதவி வழக்கறிஞர், களப்பணியாளர் நால்வரும் கலந்து பேசி எழுதிய பதில்கள் இவை. ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டோம். கேட்ட விதத்தை மாற்றவில்லை.

போன வாரம் ஒரு காரு. ஒருத்தன்தான்னு சொல்லி ஏத்தினான், உள்ள இன்னும் ரெண்டு பேர் இருந்தான்க. ஆணுறை கிழிஞ்சிடுச்சி. துப்பட்டாவால கழுத்த இறுக்கினான்க, கொஞ்ச நேரம் நெனப்பே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுக்குச் சொல்லிடுவாங்கோ, எம்மேலயே கேஸ் போடுவாங்கோன்னு வீட்லயே கெடந்தேன். இந்த மாதிரி ஆனா இன்னா பண்ணணும்?
— பெயர் வேண்டாம், வேலூர்

அக்கா, முதலில் கழுத்து. ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று இதை விட்டுவிடாதீர்கள். கழுத்தை இறுக்கி நினைவு தப்பியிருந்தால், வெளியே தடமே இல்லாவிட்டாலும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அந்தக் கிழிசலில் ரத்தம் உறைந்து, சில நாள் கழித்தும் பக்கவாதம் வரும். குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி இருக்கிறதா, கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறதா, ஒரு கண் இமை மட்டும் தொங்குகிறதா, இறுக்கியபோது சிறுநீர் போய்விட்டதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. அங்கே "அடிச்சிட்டாங்க" என்று மொத்தமாகச் சொன்னால் தெரியும் காயத்துக்கு மருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள். "கழுத்தை இறுக்கினாங்க, நெனப்பு போயிடுச்சு" என்று அப்படியே சொல்லுங்கள். ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த ஒரு வரிதான் தேவை.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு 72 மணி நேரம்தான் கெடு. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. அதனால் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மறுபடி. எல்லாம் அரசு எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் இலவசம். மாதவிலக்கு தள்ளிப்போனால், சம்பவம் நடந்த 3 வாரத்தில் சிறுநீர்ப் பரிசோதனை சரியாகக் காட்டும்.

இனி இப்படி நடந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். விடியும் வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. எச்.ஐ.வி. தடுப்புக்கு டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் மிக நல்லது. பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளக் கூடாது. இந்த 28 நாள் கணக்கு பெரும்பாலும் கெடுவது சில நாள் கழித்துத்தான். குமட்டல் வரும், "ஒண்ணும் ஆகலியே" என்று நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, வயிற்றெரிச்சல் மாத்திரை, இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் ஏறாது. தடுப்பு மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவற்றைப் போட வேண்டும்.

கரு தங்காமலிருக்க லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். சட்டப்படி சீட்டில்லாமல் விற்கலாம் என்றாலும் தமிழ்நாட்டில் பல மெடிக்கல் ஷாப்பில் "இல்லை" என்றுதான் பதில் வரும். கடை கடையாக அலைந்து நேரத்தை விடாமல் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். 5 நாள் வரைக்கும் காப்பர்-டி போட்டும் தடுக்கலாம். மஞ்சள் காமாலை-பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி, பால்வினை நோய் மருந்து மூன்றையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

குளிக்காமல், துணி மாற்றாமல் போனால் தடயம் கிடைக்கும். 96 மணி நேரம் வரைக்கும் எடுப்பார்கள். மாற்றிவிட்டால் அந்தத் துணியைத் துவைக்காமல் காகிதக் கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து தடயம் கெடும். குளித்துவிட்டோமே என்று போகாமலிருக்கவும் வேண்டாம். குளிர்பானத்தில் எதையாவது கலந்து கொடுத்ததாகச் சந்தேகமிருந்தால் முதல் சிறுநீரையே பிடித்துக் கொடுங்கள்.

போலீஸ் பயத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லத்தான் வேண்டும், அது சட்டம். ஆனால் சிகிச்சைக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் முடிச்சு கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 397-ஆம் பிரிவுப்படி அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 200-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. "இப்போ புகார் வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் அதை எழுதி வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பார்கள். பிறகு மனம் மாறினால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. ஒரு வாரம் ஆனதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் அறவே கூடாது என்றது. யாராவது செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்தக் கார்க்காரன்கள் யார் என்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. பி.என்.எஸ்.எஸ். 396-ஆம் பிரிவில், குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்க வழி இருக்கிறது. வேலூரில் அது சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம் வரை. பெண் என்ற ஒரே காரணத்தால் வருமானச் சான்று இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

எனக்கு 34 வயசு. ஒரு குவாட்டர் போட்டாத்தான் ரோட்டுக்கே போக முடியுது. முடிஞ்சி வந்து இன்னொரு குவாட்டர். அப்பவும் தூக்கம் வராம மாத்திரை ரெண்டு. நானே நிறுத்திப் பார்த்தேன். மூணாவது நாளு செவுத்துல பாம்பு பல்லியெல்லாம் ஊர்ந்துது, பொண்ணு பயந்துபோயிட்டா. எனக்கு இதெல்லாம் விடவே விடாதா?
— காட்பாடி

விடும். நீங்கள் நிறுத்திய விதம்தான் தப்பு.

ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. தினம் இரண்டு என்றால் 120 கிராம். மூளையை அமுக்கி வைக்கும் இந்தச் சரக்குக்கு ஈடு கொடுக்க, மூளை தன் வேகத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. திடீரென்று சரக்கை எடுத்துவிட்டால் ஏற்றிய வேகம் அப்படியே நிற்கும். கடைசிக் குடிக்கு 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் நீங்கள் பார்த்த பாம்பு பல்லி. அது பைத்தியமும் இல்லை, காற்றுக் கருப்பும் இல்லை. ஆனால் உயிரை எடுக்கக்கூடிய நிலை. ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே நீங்கள் வீட்டில் சுயமாக நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும், ஏழிலிருந்து பத்து நாள்.

மருத்துவரிடம் சரக்கு அளவையும் மாத்திரை எண்ணிக்கையையும் இரண்டையும் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மாத்திரையை மறைத்துவிட்டு வலிப்பு வந்தவர்கள் நிறைய. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போவார்கள். தூக்க மாத்திரையைக் குறைக்க வாரக்கணக்காகும். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். தயமின் என்னும் பி-1 ஊசி முதலில் போக வேண்டும். நம்ம பக்கத்தில் யார் சோர்ந்து விழுந்தாலும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று தெருமுனை கிளினிக்கில் கேட்டு ஏற்றிக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. நெடுநாள் குடித்தவருக்கு பி-1 போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி-1-உம் கரைந்து மூளை பாதிக்கும். கண் தானாக ஆடும், நடை தள்ளாடும், நினைவு திரும்பாமலே போகலாம்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. கஷ்டமான பாதி பத்தாம் நாளுக்கு மேல் வரும். நடுக்கம் நின்றிருக்கும், உடம்பு தேறியிருக்கும். அப்போதுதான் கெட்ட கனவும், யாரோ பின்னால் நிற்கிற மாதிரி பயமும், பழைய அடியெல்லாம் இன்றைக்கு நடந்த மாதிரி கண்முன் வருவதும் ஆரம்பிக்கும். சரக்கு அதைத்தான் இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்தது. "குடிச்சப்பவே நல்லாருந்தேன்" என்று வீட்டுக்குப் போனதும் கடைக்குப் போகிறார்கள். வீட்டார் அதைத் திமிர் என்கிறார்கள், போதை மறுவாழ்வு மையத்தில் மன உறுதி போதாது என்கிறார்கள். எங்கள் கணக்கில் அது பாதியில் விட்ட வைத்தியம். குடி ஒரு நோய், பயம் ஒரு நோய், இரண்டுக்கும் ஒரே சீட்டில் மருந்து எழுதினால்தான் நிற்கும். 2006-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் தெருவில் நின்று தொழில் செய்யும் 72 பெண்களிடம் விசாரித்து எழுதிய ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஒருவரைத் தவிர எல்லாருமே வன்முறையோ பெரும் அதிர்ச்சியோ அனுபவித்தவர்கள், பலருக்கு அது சின்ன வயதிலேயே தொடங்கியிருந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் இருந்தது. ஊர் வேறு, போதைச் சரக்கு வேறு. நீங்கள் எழுதிய கடிதத்திலும் அதே சங்கிலிதான் இருக்கிறது.

அந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணியும் உண்டு. உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேரம் பேச முடியாது. வழக்கமாக வேண்டாம் என்று விடுகிற காரில் ஏறுவது, ஆணுறை இல்லாமல் ஒத்துக்கொள்வது, ரெண்டு பேர் என்றாலும் சரி என்பது எல்லாம் பெரும்பாலும் சரக்கு இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். அங்கே வாங்குகிற அடி அடுத்த மாதத்துக் கனவாகிறது. கனவுக்கு இன்னொரு குவாட்டர்.

ஆகவே சேரும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கனவையும் பயத்தையும் சொல்லிவிடுங்கள். செர்ட்ராலின் மாதிரி மாத்திரை 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நாலிலிருந்து ஆறு வாரம் ஆனால்தான் வேலை தெரியும், முதல் வாரத்தில் படபடப்பு கூடின மாதிரியும் இருக்கும். கனவுக்குப் பிரசோசின் ராத்திரி 1 மில்லிகிராமில் தொடங்கலாம். அது ரத்த அழுத்தத்தை இறக்கும், படுக்கையிலிருந்து சடக்கென்று எழுந்தால் தலை சுற்றும். அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரை இந்த நோய்க்கு மருந்தே இல்லை. அன்றைய ராத்திரியைக் கடத்தும், நோயை நீட்டும்.

அதுவரை ஒன்று. சரக்கையும் தூக்க மாத்திரையையும் ஒரே ராத்திரியில் சேர்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சை நிறுத்தும். உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாராவது சாப்பாட்டில் "குடி நிறுத்தும் பவுடர்" கலக்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். அதில் டைசல்பிராம் இருந்து, அது தெரியாமல் நீங்கள் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416. இரண்டும் இலவசம், 14416-இல் தமிழில் பேசலாம்.

எங்க அக்கா ராத்திரியில அலறிக்கினு எழுந்துக்குது. கதவ மூட உடமாட்டேங்குது, செவுத்துல முதுக ஒட்டிக்கினுதான் உக்காருது. சில நேரம் கூப்ட்டா காதே கேக்காத மாதிரி வெறிச்சிப் பாக்குது. மந்திரிச்சிக் கயிறு கட்டிட்டோம். அம்மா இன்னா நடந்துதுன்னு சொல்லச் சொல்லி தினமும் கேக்குது.
— குடியாத்தம் பக்கத்து கிராமம்

தங்கச்சி, அம்மாவிடம் முதலில் கேள்வியை நிறுத்தச் சொல்லுங்கள். கயிறு இருக்கட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. தினம் தினம் கிளறுவதுதான் கெடுதல். நடந்ததைச் சொல்ல வைப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான், ஆனால் அது பயிற்சி பெற்றவர் முன்னால், அக்கா தயாராகும்போது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டியது.

வெறித்துப் பார்க்கும் நேரத்தில் தொடாதீர்கள், உலுக்காதீர்கள். பின்பக்கமாகப் போகாமல் முன்னால் வந்து நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள்: "அக்கா, இது நம்ம வீடு. இன்னிக்கி செவ்வாக்கெழமை. நான் உந்தங்கச்சி. கதவு தொறந்துதான் கீது." ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீரைக் கையில் கொடுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கண்ணுக்குத் தெரியும் ஐந்து சாமானை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் திரும்பி வருவார். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கதவு பக்கத்துப் படுக்கையை அவருக்கே கொடுங்கள்.

அடித்த ஒரு மாதத்துக்குள் இப்படி இருந்தால் பலருக்குத் தானே குறையும். ஒரு மாதம் தாண்டியும் கனவு, தவிர்ப்பு, மரத்துப்போன மனசு, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது எல்லாம் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். அடுக்கம்பாறையில் மனநலப் பிரிவு உண்டு. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957-இல் தொடங்கியது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கும் வழக்கத்துக்குப் பேர் போனது, கூட யார் போய் இருப்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவராக வந்து சேர்ந்தால் அவராகவே கிளம்பவும் முடியும். சங்கிலி, அடி, பட்டினி போடும் இடம் எதுவானாலும் அது சிகிச்சை மையம் அல்ல. செத்துப்போகலாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாதீர்கள், எலி மருந்தையும் பூச்சி மருந்தையும் வீட்டை விட்டு எடுத்துவிடுங்கள்.

எங்க கூட நிக்கற பொண்ணு வலி மாத்திரைய கரைச்சி ஊசி போட்டுக்குது. அன்னிக்கி சரக்கும் அடிச்சிட்டு போட்டுது. உதடு நீலமாயி, கொறட்டை மாதிரி சத்தம். மோர ஊத்தினோம், உப்புத் தண்ணி ஊத்தினோம். ஆளு பொழச்சிது. நாங்க பண்ணது சரியா?
— ஆற்காடு

பிழைத்தது உங்கள் மோரால் இல்லை. நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குத்தான் போகும்.

நீல உதடு, குறட்டை போன்ற சத்தம், ஊசி முனை மாதிரி சுருங்கிய கண்மணி, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு: இதெல்லாம் மூச்சு நிற்கப் போகிறது என்பதன் அடையாளம். 108-க்கு அடியுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடிக்கு ஒரு முறை வாயில் ஊதுங்கள். நெஞ்சு ஏறி இறங்க வேண்டும். மூச்சு தானாக வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆஸ்பத்திரியில் "வலி மாத்திரை, ஊசி" என்று சொன்னால் மூச்சைத் திருப்பும் நலோக்சோன் ஊசி போடுவார்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் கண் திறக்கும். உடனே கிளம்பிவிடக் கூடாது. நலோக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும், உள்ளே இருக்கும் மாத்திரை அதற்கு மேலும் நிற்கும். மறுபடி மூச்சு நிற்பது ஆட்டோவிலோ வீட்டிலோதான்.

இன்னொரு ஆபத்தான நேரம், ஜெயிலிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் வாரம். உடம்பு பழக்கம் விட்டிருக்கும், கை பழைய அளவையே எடுக்கும்.

விழுங்கச் செய்த மாத்திரையில் கட்டியாக்கும் மாவுப் பொருள்கள் இருக்கின்றன. நரம்பில் போனால் அவை நுரையீரல் நுண்குழாயை அடைக்கும், நரம்பு தவறினால் சீழ்க்கட்டி. நிறுத்த முடியாத வரைக்கும் ஊசி மட்டுமல்ல, கரைக்கும் மூடி, பஞ்சு, தண்ணீர் எதையும் பங்கு போடக் கூடாது. ஊசியை மட்டும் மாற்றிவிட்டு மூடியைப் பங்கு போட்டு மஞ்சள் காமாலை-சி வாங்கியவர்கள் உண்டு. அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை இருக்கிறது. போதை ஊசியைக் கைவிட உதவும், நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாற்றுச் சிகிச்சை பற்றி மனநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது எய்ட்ஸ் உதவி எண் 1097-இல் விசாரியுங்கள்.

ஹேண்ட்பேக்குல ஆணுறை இருந்தாலே ஸ்டேஷனுக்கு இட்டுனு போறாங்கோ. ஒத்துக்கோ, ஃபைனு கட்டிட்டுப் போயிடுன்றாங்கோ.
— வாலாஜா

கையெழுத்துப் போடாதீர்கள். பாலியல் தொழில் செய்வது இந்தியாவில் குற்றமல்ல. 1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாவது விடுதி நடத்துவது, அந்த வருமானத்தில் இன்னொருவர் பிழைப்பது, பொது இடத்தில் ஆள் பிடிப்பது, கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு 200 மீட்டருக்குள் தொழில் செய்வது. ஆள் பிடித்ததாக 8-ஆம் பிரிவில் முதல் தடவை தண்டனை 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் தடவை ஓராண்டு வரை. இன்றைக்கு அபராதம் கட்டி வருவது நாளைக்கு அந்த ஓராண்டுக்கு அடி போட்டுக் கொடுக்கும். இலவசச் சட்ட உதவி எண் 15100-இல் கேட்டு, வக்கீல் வந்த பிறகு பேசுங்கள்.

2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவில், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது, போலீசார் வார்த்தையாலோ கையாலோ கொடுமை செய்யக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதன் நகலை மடித்துப் பையில் வைத்திருங்கள், ஆணுறைக்குப் பக்கத்திலேயே. சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய வேண்டுமானால் தவிர்க்க முடியாத காரணம், பெண் போலீஸ், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி மூன்றும் வேண்டும். மாமூல் கேட்டால் தேதி, நேரம், சட்டையில் இருக்கும் பேர் எழுதி வையுங்கள். புகாரை எஸ்.பி.க்குப் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் இந்த விவகாரம் தேவையா? காசுக்குப் போகிறவர்களுக்கு அடி உதை சகஜம்தானே?
— ஒரு வாசகர், ஆரணி

1986 தொடக்கத்தில், சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தை மருத்துவ மாணவி நிர்மலா ரயிலேறிக் காட்பாடிக்குக் கொண்டுவந்தார். வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் 6 மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. நாட்டில் அதுதான் முதல். உங்கள் வீட்டில் யாருக்காவது பரிசோதித்த ரத்தம் ஏற்றியிருந்தால், அந்தப் பெண்கள் நீட்டிய கைக்கும் அதில் பங்கிருக்கிறது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை. நடத்தையைக் காட்டி ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைய யாருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. மற்றபடி, பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக உங்களுக்கு உரிமை உண்டு ஐயா.

நைட்டு ஆட்டோ ஓட்றேன். இந்தப் பொண்ணுங்களுக்கு நாங்க இன்னா ஒத்தாசை பண்ண முடியும்?
— காட்பாடி ஜங்ஷன்

அந்தப் பெண் ஏறும் வண்டியின் நம்பரை வண்டிக்காரன் பார்க்கும்படியே போனில் படம் எடுங்கள். நம்பர் பதிவானது தெரிந்தால் பலர் திரும்பிப் போய்விடுவார்கள். காரில் பின் கதவுக்குக் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது. ஆகவே முன் சீட்டில்தான் ஏற வேண்டும், ஏறியதும் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். கழுத்தில் துப்பட்டாவை முடிச்சுப் போட வேண்டாம். ஒரு மிஸ்டு கால் என்றால் "வந்து ஏத்திக்கோ" என்று பேசி வைத்துக்கொள்ளலாம். அடிபட்டவரை ஏற்றினால் வழியில் நடந்ததைக் கேட்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேளுங்கள். தலையில் அடி என்றால் அடுத்த 24 மணி நேரம் வாந்தி, தூங்கித் தூங்கி விழுவது இருந்தால் திரும்பக் கூட்டி வர வேண்டும் என்று வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கூட வாழற ஆளு சம்பாதிச்சத புடுங்கினு அடிக்கறான். தாலி கட்டல. எங்க போறது? என்கிட்ட ஆதார்கூட இல்ல.
— வாணியம்பாடி

தாலி இல்லாவிட்டாலும், ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டி மாதிரி வாழ்ந்திருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு கேட்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். உடனே வெளியேற வேண்டுமானால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள். அடிபட்ட பெண்களுக்காக அரசு நடத்தும் சகி மையத்தில் 5 நாள் வரை தங்கலாம், பெண் பிள்ளைகளோடும் சின்னப் பையன்களோடும் போகலாம். தாய் இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்ற குழுப் பரிந்துரையும் உச்ச நீதிமன்றத்தின் அந்த 2022 உத்தரவில் இருக்கிறது.

கிளம்பும் நாளை அவனிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். விட்டுப் போகிறேன் என்று சொன்ன நாளில்தான் அடி உயிருக்கு வருகிறது. கைக்காசு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் கொடுத்து வையுங்கள்.

ஆதாருக்கு வீட்டு விலாசச் சான்று தேவையில்லை. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் ஒரு படிவத்தில் சான்று கொடுத்தால் போதும். உங்கள் பகுதிக்கு ஆணுறை கொண்டுவரும் களப்பணியாளரிடம் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். அட்டையில் தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் இருக்கக் கூடாது. கையில் வந்ததும் பேரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள், தப்பிருந்தால் ரேஷன் கார்டுக்கு மனுப் போடும் முன்னாலேயே திருத்திவிடுங்கள்.